சித்திரையில் வரைந்த சாலை

போன மாதம் நீங்கள் சில பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நாமக்கல்லில் லாரிகளுக்கு இடங்காட்டிக் கருவி மாட்டும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள். "உங்க காலத்துல கார்ல கம்ப்யூட்டரையே வெச்சு வழி பாத்தீங்களாமே, நெசமாங்களா?" என்று ஒருவர் கேட்டார். பழைய ரிசீவர் ஒன்றை எடுத்துக் காட்டினேன். சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது என்று சிரித்தீர்கள். இன்னொருவர், "இந்த வேலையில எப்பவாச்சும் பயந்திருக்கீங்களாங்க?" என்றார். அந்த நேரம் பார்த்து என் மனைவி சரோஜா காப்பித் தட்டோடு வந்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன். ஒயரை எங்கே சேர்ப்பது, எந்த மென்பொருளை ஏற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இது வேறு.

சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் போகும் சாலையில், நானும் குமரேசனும் சேர்ந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தோம். கைப்பேசியில் வரைபடம் பார்க்கும் வசதி எல்லாருக்கும் வராத காலம். கடைகளில் விற்ற வழிகாட்டிக் கருவிகளை வாங்க நம் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது. வாங்கினாலும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் திரை வெறும் பச்சையாகிவிடும். பக்கத்து ஊரான இளம்பிள்ளைக்கு அப்பால் உலகமே இல்லை என்பதுபோல் இருக்கும். ஆகவே நாங்களே ஒன்று கட்டினோம். மூடி விரிசல் விட்ட பழைய மடிக்கணினி, செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் சிறிய ரிசீவர், கணினியை டேஷ்போர்டுக்கு மேலே உயர்த்திப் பிடிக்க இரும்புப் பட்டையில் வளைத்த ஒரு சட்டம், சத்தமாகப் பேச ஒரு ஸ்பீக்கர். எல்லாமே கணினியின் சொந்த பேட்டரியில் ஓடும். காரை அணைத்தாலும் அணையாது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வோம்.

வழி சொல்லும் குரல் முதலில் இங்கிலீஷில்தான் இருந்தது. "அந்தம்மா என்னத்தையோ முணுமுணுக்குது, எனக்கு வவுத்தக் கலக்குது" என்று ஒரு டாக்ஸிக்காரர் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு சரோஜாவைப் பேச வைத்தோம். அவள் திருச்செங்கோட்டுக்காரி. வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க." "நேரா போங்க." "எறங்கிப் போங்க." இடது பக்கத்துக்கு மட்டும் அடம்பிடித்தாள். "பீச்சாங்கைன்னு நான் சொல்ல மாட்டேன். கார்ல பொண்டு புள்ளைங்க இருப்பாங்க" என்றாள். அது 'இடது பக்கம்' ஆயிற்று. வண்டி எங்காவது நின்றுவிட்டால் கடைசியாகச் சொன்னதையே விட்டு விட்டுத் திரும்பச் சொல்லும்படி குமரேசன் அமைத்திருந்தான். ஓட்டுநர்களுக்கு அது மிகவும் பிடித்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றார்கள்.

வரைபடத்துக்கு என்ன செய்தோம் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். காரில் ரிசீவரை ஓடவிட்டு ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனால், போன வழி திரையில் கோடாக விழும். அந்தக் கோட்டைச் சாலையாகச் சேர்த்துக்கொள்வோம். நாங்கள் மட்டும் போய்த் தீராது. எங்களிடம் கணினி மாட்டிய டாக்ஸிக்காரர்கள் தாங்கள் ஓடிய தடங்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாருக்கு நல்ல குறுக்குவழி தெரியும் என்பதில் அவர்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது. சக்கரம் ஓடிய இடமெல்லாம் சாலை. அதுதான் எங்கள் கடையின் விதி.

தடங்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில்தான் வந்தன. ஊர் ஊராக மாரியம்மன் பண்டிகை நடக்கும். டாக்ஸிகளுக்கு ஓயாத ஓட்டம். நம் பக்கத்து ஏரிகள் எப்படி இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். பல வருஷமாகத் தண்ணீர் பார்க்காத ஏரிகள். அதில் கிரிக்கெட் ஆடுவார்கள், லாரி ஓட்டப் பழகுவார்கள், டிராக்டர் விட்டு வண்டல் அள்ளுவார்கள். கரையைச் சுற்றிக்கொண்டு போகிறவனைப் பார்த்து, வேலை இல்லாதவன் என்பார்கள். மோகனூர் பக்கத்தில் பெரிய ஏரி என்று ஒன்று. அதன் நடுவே வண்டித்தடம் வெள்ளைக் கோடாக, எதிர்க்கரை வரைக்கும் கிடக்கும். பழனிசாமி என்ற டாக்ஸி ஓட்டுநர் அந்த ஏரிக்கரை ஊர்க்காரர். அவர் கொண்டுவந்த தடம் ஒன்று அந்தக் கோட்டின் மேலேயே போனது. குமரேசன் சேர்த்தான், நான் சரிபார்த்தேன். இரண்டு பேருமே திரையில் ஒரு நேர்கோட்டைத்தான் பார்த்தோம். பழைய கடலோடிகளின் வரைபடங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். தண்ணீர் எங்கே எவ்வளவு ஆழம் என்று எண்ணால் குறித்திருப்பார்களாம். எங்கள் வரைபடத்தில் தண்ணீர் என்று ஒன்றே கிடையாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. தீபாவளிக்கு அடுத்த வாரம், வியாழக்கிழமை. காலையிலிருந்தே தூறல், மத்தியானத்துக்கு மேல் அடைமழை. சரோஜா எனக்குச் சோறு கொண்டுவந்தவள் மழையில் மாட்டிக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் போல பழனிசாமி சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, எங்க பெரிய ஏரி ரொம்பிருச்சுங்க! கோடி தாண்டித் தண்ணி வழியப் போவுது! ஊர்ல கெடா வெட்டறாங்க, ராத்திரி எல்லாரும் வந்தரோணும்!"

குமரேசன் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். எனக்கும் சந்தோஷம்தான். அந்த ஏரியில் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. தண்ணீர் ஏறியது எப்போது என்று கேட்டேன். எதையும் நாள் நேரத்தோடு தெரிந்துகொள்வது என் பழக்கம். மேற்கே பேய் மழை பெய்து, ஒரே நாளில் நிரம்பிவிட்டது என்றார்.

சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்க, டாக்டரம்மா அந்தப் பக்கந்தான போறேன்னாங்க?"

டாக்டரம்மா என்றால் எஸ்தர். கோழிப் பண்ணைகளுக்குப் போய் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நம் ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஊர் வழி எதுவும் தெரியாது, தானே காரோட்டிப் போகவேண்டிய வேலை. எங்கள் கணினியை அவரைப்போல நம்பியவர் வேறு யாருமில்லை. அன்று மத்தியானம்தான் கடைக்கு வந்து புதிய வரைபடத்தை ஏற்றிக்கொண்டு போனார். "ராசிபுரத்துல ஒரு பண்ணைய பாத்துட்டு, மோகனூர் போணும். அங்க கோழியெல்லாம் சாவுதாம். அக்கா கூட இருக்காங்கல்லா, எனக்கு என்ன பயம்" என்று சரோஜாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

கடைக் கணினியிலும் அதே வரைபடம் இருந்தது. ராசிபுரத்திலிருந்து அந்தப் பண்ணை ஊருக்கு வழி கேட்டேன். கோடு நாமக்கல் வழியாக இறங்கி, மோகனூர் சாலையில் திரும்பி, கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டும் முக்கு ஒன்றைத் தாண்டி, ஏரிக்கரையில் ஏறி, பிறகு நேராக நடுவில் போனது. ஓட்டிப் பார்க்கும் பொத்தானைத் தட்டினேன். சின்ன அம்பு ஒன்று கோட்டின் மேல் நகர்ந்து கரைக்கு வந்தது. மேசை மேலிருந்த ஸ்பீக்கர் பேசியது.

"எறங்கிப் போங்க. நேரா போங்க."

சரோஜா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் குரலை அவளே அப்படிக் கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"எங்க பக்கத்து ஆளுங்க ஆரும் இப்ப எறங்க மாட்டாங்கண்ணா" என்றார் பழனிசாமி. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. "வண்டல் அள்ளுன குழியெல்லாம் பனமர ஆழமுங்க. மேல பாத்தா தெரியாது. தண்ணி செம்மண்ணு கலர்ல, ரோடு மாதிரியே பரந்து கெடக்கும்."

எஸ்தருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மறுபடியும் அதே. வண்டி சாவியை எடுத்துக்கொண்டு குமரேசன் வாசலுக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. குமரேசன் ஓடச் சொல்கிறான். ஓடத்தான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சேலத்திலிருந்து மோகனூருக்கு மழையில் எவ்வளவு பறந்தாலும் அவர் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத ஒரு காரின் பின்னால் ஓடுவதால் யாருக்கு என்ன பயன்? பயம் வந்தால் கால் முந்திக்கொள்கிறது. கையில் இருக்கும் கோட்டைப் பார்த்து, அவர் இனி எந்த இடத்தைத் தாண்டியாக வேண்டும், அங்கே யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"பழனி, அந்தக் கரும்பு முக்குல தெரிஞ்சவங்க யாரு?"

"பஞ்சர் கடை செல்வராசு. நம்பர் இருக்குதுங்க."

செல்வராசுவை நான் பார்த்ததில்லை. போனை எடுத்தவர் குரல் கலகலவென்று இருந்தது.

"செல்வராசு பஞ்சர் கடைங்க, சொல்லுங்க."

வெள்ளைக் கார் ஒன்று வரும், ஒரு அம்மா தனியாக ஓட்டி வருவார், நிறுத்துங்கள் என்றேன்.

"ஏனுங்க, இங்க வர்றதெல்லாம் வெள்ளைக் காருதானுங்க. பொம்பள ஓட்டற காரை நடுரோட்ல மறிச்சா என்னைய ஒதைக்க மாட்டாங்களா? நீங்க ஆருங்க? சம்சாரத்தோட சண்டைங்களா?"

ஏரிக்குள் போகும் வழியைக் காட்டும் கருவி அவர் காரில் இருக்கிறது, அவருக்கு ஊர் தெரியாது என்றேன். எதிர்ப்பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"குழிப் பக்கமுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"வெச்சிருங்க. கரும்பு வண்டி ஒண்ணு நிக்குது. குறுக்க போடச் சொல்றேன்."

நாங்கள் நான்கு பேரும் வண்டியில் கிளம்பினோம். குமரேசன் ஓட்டினான், பழனிசாமி முன்னால், நானும் சரோஜாவும் பின்னால். மழை கண்ணாடியில் அறைந்தது. சேலத்தைத் தாண்டுவதற்குள் செல்வராசு கூப்பிட்டார். பின்னணியில் ஒரே ஹாரன்.

"சார், டிரெய்லர மறிச்சுப் போட்டாச்சு. ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது. பஸ்ஸுல இருக்கறவன் ஒருத்தன் என்ற அப்பனுக்கு ரோடு சொந்தமான்னு கேக்கறான். நானும் ஆமான்ட்டேன். உங்க கார் மட்டும் இன்னும் வல்லீங்க."

வரவில்லை என்றதும் எங்களுக்கு உயிர் வந்தது. இன்னும் ராசிபுரத்திலேயே இருக்கலாம். சரோஜா கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போயிருப்போம், மறுபடியும் அழைப்பு.

"சார், இங்க டீக்கடைக்காரர் ஒண்ணு சொல்றாருங்க. நீங்க போன் பண்றதுக்கு முன்னாலயே ஒரு அம்மா வெள்ளைக் கார்ல வந்து டீ குடிச்சாங்களாம். கண்ணாடிக்குப் பக்கத்துல டி.வி. மாதிரி என்னமோ எரிஞ்சுதாம். கரைப் பக்கந்தான் போனாங்களாம்."

சாலையை அடைத்துக்கொண்டு எதற்காகக் காத்திருந்தோமோ, அது எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது.

"நான் மொபெட்ல கரைக்குப் போறேன். டிரெய்லர எடுக்கச் சொல்லிர்றேன்" என்று சொல்லிவிட்டு அவரே வைத்துவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

குமரேசன் லாரிகளை முந்துகிறபோது பழனிசாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அவங்களுக்கு அந்தத் தடத்த நாந்தானுங்க குடுத்தேன். சித்திரையில குடுத்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நாமக்கல் மலைக்கோட்டை மழையில் தெரியவே இல்லை. ஊரைத் தாண்டி மோகனூர் சாலையில் திரும்பியபோது என் போன் ஒலித்தது.

"சார், காரு கெடைச்சிருச்சுங்க." மூச்சிரைத்தது அவருக்கு. "தண்ணிக்குள்ள ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. டாக்டரம்மா ஜன்னல் வழியா வெளிய வந்துட்டாங்க. மாடு ஓட்டிட்டு வந்த ரெண்டு பேரு கயித்தப் போட்டு இழுத்திருக்காங்க. நெத்தியில அடி. கண்ணு தொறக்கறாங்க, பேச்சு வல்ல. ஆட்டோ வருது."

"உசுரோட இருக்காங்க!" என்று நான் கத்தினேன். குமரேசன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தான். சரோஜா வாய்விட்டு அழுதாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். செல்வராசுவின் குரல் மாறியிருந்தது.

"ஆனா சார், உள்ள இன்னொருத்தங்க இருக்காங்க."

"இன்னொருத்தரா?"

"பொம்பளைங்க. பேசறாங்க. மழைச் சத்தத்துல என்ன சொல்றாங்கன்னு தெரியல. விட்டு விட்டு சத்தம் வருது. தண்ணி ஜன்னல் வரைக்கும் ஏறிருச்சு. கரையில எல்லாருக்கும் கேக்குது. நான் எறங்கறேன். எனக்கு நீச்சல் தெரியும்."

பிள்ளைகளே, இதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். அந்த நொடியில் நான் சொல்ல வேண்டியவை மூன்று. இறங்காதீர்கள். காரில் யாருமில்லை. அது பதிவு செய்த குரல், என் மனைவியுடையது. மூன்றும் எனக்குத் தெரியும். ஆனால் பயம் கடைசியில் இருந்ததை முதலில் வெளியே தள்ளியது.

"செல்வராசு, அது என் சம்சாரம்!" என்று கத்தினேன்.

"அய்யோ சாமி!" என்றார் அவர். போன் எங்கோ விழுந்த சத்தம். இணைப்பு மட்டும் அறுபடவில்லை. அவர் கத்துவது தூரத்தில் கேட்டது. "அவரு ஊட்டுக்காரம்மாவாம்டா உள்ள! கயித்தக் கொண்டாங்க!" பிறகு தண்ணீரில் விழும் ஓசை.

நான் போனுக்குள் என்னென்னவோ கூவினேன். புல்லில் கிடக்கும் போனில் நான் கூவுவது யாருக்குக் கேட்கும்? சரோஜா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"அலோ! அலோ! ஆராச்சும் எடுங்க! அலோ!"

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குமரேசன் வண்டியை மறுபடி விரட்டினான். கடைசியில் யாரோ ஒரு பெண் எடுத்தார்.

"ஆருங்க பேசறது?"

"மொதல்ல அந்த ஆளத் திரும்பி வரச் சொல்லுங்க. கார்ல ஆருமில்லீங்க. வரச் சொல்லுங்க."

எனக்கு வராத வரிசை அவளுக்கு வந்தது.

"ஆருமில்லையா? பேச்சுக் கேக்குதேங்க, என்ற காதுல! பாவம், பொம்பள கெடந்து தவிக்குது!"

"அது மிசினுங்க. என்ற குரல புடிச்சு வெச்சிருக்குது. இங்க பாருங்க, என்ற பேச்சக் கேளுங்க." சரோஜா மூச்சை இழுத்துப் பிடித்து, பதிவு செய்த அன்று சொன்ன அதே நிதானத்தில் சொன்னாள்: "நேரா போங்க."

பதில் வருவதற்குள், மழைக்கும் தண்ணீருக்கும் அப்பாலிருந்து மெலிதாக, அதே குரல் போனுக்குள் வந்தது. நேரா போங்க.

அந்தப் பெண் அலறினார். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "செல்வராசு! வந்துரு! உள்ள இருக்கறது மனுசியில்ல! பேயி! பேயி! வந்துரு சாமி!"

இயந்திரம் என்று கத்தியிருந்தால் அவர் திரும்பியிருப்பாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேய் என்று கேட்டதும் திரும்பினார். அப்போது அவர் ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையை உள்ளே விட்டு, தண்ணீருக்கடியில் சீட்டு சீட்டாகத் தடவிக்கொண்டிருந்தாராம். ஒரு கை, ஒரு சேலைத் தலைப்பு, ஏதாவது அகப்படும் என்று. அவர் பிடியை விட்டதும் கார் குழிப்பக்கமாக ஒரு முழம் சரிந்ததைக் கரையிலிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கை உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பல வருஷம் படுக்கையில் யோசித்திருக்கிறேன்.

பின்னால் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எஸ்தர் பிழைத்துக்கொண்டார். நெற்றியில் தையல் போட்டார்கள். தேறியதும் அவர் முதலில் கேட்டது, "பண்ணைக்கு வேற யாரையாவது அனுப்பினீங்களா? கோழி சாவுதுன்னாங்களே" என்றுதான். சாலை மாதிரியே இருந்ததாகவும், சக்கரம் நழுவியபோதுகூடச் சேறு என்றே நினைத்ததாகவும் சொன்னார். எங்கள் மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை; அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கணினி மாட்டிய எல்லாரையும் மறுநாளே கூப்பிட்டு அனுப்பினோம். மழைக்காலத்தில் எங்கள் கண்ணால் பார்க்காத எந்தத் தடத்தையும் அழித்துவிட்டோம். வரைபடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. டாக்ஸிக்காரர்கள் திட்டினார்கள். திட்டட்டும். கார்த்திகை முழுக்க நானும் குமரேசனும் தண்ணீர் எங்கெங்கே நிற்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்துக் குறித்தோம்.

நீங்கள் மாட்டும் கருவிகளில் இப்போது தண்ணீரும் காட்டுகிறது, நெரிசலும் காட்டுகிறது. ஆனாலும் லாரிக்காரர் ஒருவர் என்றாவது உங்களை அலறிக் கூப்பிடுவார். அன்று காரணத்தை விளக்க ஆரம்பிக்காதீர்கள். நிறுத்து, இறங்காதே, திரும்பு; இவற்றில் ஒரு சொல்தான் முதலில். விளக்கம் கேட்க ஆள் உயிரோடு இருந்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் கொஞ்சம் பாக்கி. மழை விட்டுத் தூறலாகியிருந்தது. எஸ்தரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். குமரேசனும் பழனிசாமியும் அப்படியே வண்டியைத் திருப்பி அங்கே போனார்கள். நானும் சரோஜாவும் கரையில் இறங்கினோம். ஊரே அங்கே நின்றது. யாரும் தண்ணீருக்குப் பக்கத்தில் இல்லை. எல்லாரும் கரை உச்சியில், ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு. சிவந்த தண்ணீரில் காரின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. அதற்குள்ளிருந்து என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள்.

செல்வராசு யாருடைய வேட்டியையோ போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிட வயதானவர், தலை நரைத்திருந்தது. கையிலிருந்த டீயை அவர் குடிக்கவில்லை. சரோஜா அவர் முன்னால் போய் நின்றாள். வாய் திறக்க அவளுக்குப் பயம். தான் பேசினால் இத்தனை பேரும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள்.

"நீங்கதானுங்களா அந்தம்மா?" என்றார் அவர்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்லா இருக்கீங்களா?"

அதற்கும் தலையாட்டினாள். கண்ணீர் கொட்டியது. போனை எடுத்த அந்தப் பெண் கொஞ்சம் தள்ளி நின்று, சரோஜாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் படுகிறதா என்று பார்த்தார் போல.

நான் செல்வராசுவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது காதில் விழவில்லை. "நேரா போங்க" என்றது கார். இப்போது நன்றாகவே புரிந்தது.

"குளிர்ல நடுங்கறீங்க. வாங்க, கடைக்குப் போயித் துணி மாத்துங்க" என்றேன்.

"அது நிக்கட்டுமுங்க."

"மிசினுங்க செல்வராசு. பேட்டரி இருக்கற வரைக்கும் பேசும்."

"தெரியுதுங்க சார். மிசினுதான்." அவர் காரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஆனாலும் பேசிட்டு இருக்கறப்ப எப்படிங்க விட்டுட்டுப் போறது?"

அதற்கு மேல் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஊர்க்காரர்களும் போகவில்லை. அன்று வெட்டிய கிடாக்கறி வீட்டுக்கு வீடு வெந்துகொண்டிருந்தது, சாப்பிட ஆளில்லை. கார் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. குரல் சில தடவை தெளிவாகவும், சில தடவை தொண்டை அடைத்தது போலவும் வந்தது. ஒவ்வொரு தடவை அது பேசும்போதும் சரோஜாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. கடைசியில் 'நேரா' என்று ஆரம்பித்தது. எல்லாரும் காத்திருந்தோம். மிச்சம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் செல்வராசு எழுந்தார்.